பெயர் சூட்டும் பொறுப்பு
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



தண்டவாளமே இல்லாத தீவில் இரயில்வே எழுத்தராய்ப் பணிபுரியும் யாம், கணிப்பொறி மென்பொருளுக்குப் பெயர் சூட்டுவது பற்றிப் பேச வந்திருப்பது உங்களுக்கு வியப்பாயிருக்கலாம். முன்பதிவுச் சன்னலுக்கு வரும் நம் மக்கள் 12637 என்னும் எண்ணைச் சொல்வதில்லை, "பாண்டியனில் இடம் உண்டா?" என்றே கேட்கின்றனர். 12635 என்பதும் அவர்களுக்கு 'வைகை'யே. எண் பொறிக்கு உரியது. பெயர் மனிதருக்கு உரியது. நாள்தோறும் கண்டறியும் இவ்வுண்மையே இப்பொருளில் எமக்குள்ள தகுதி.

நம் சங்கத்து இளைஞர்கள் கைப்பேசியில் இயங்கும் செயலி ஒன்றை உருவாக்கியிருக்கின்றனர். கப்பல் வரும் நாள், புறப்படும் நாள், சங்க நூலகத்து நூல்கள், உறுப்பினர் இல்லத்து நன்மை தீமைச் செய்திகள் ஆகியவற்றை அது தெரிவிக்கும். சென்னையிலிருந்து கடலடியில் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளத்துக்கு இடப்பட்ட கண்ணாடியிழைக் கம்பி 2020 ஆகஸ்டு 10 அன்று தொடங்கி வைக்கப்பட்ட பின்னரே இத்தகைய முயற்சிகள் இங்கு எளிதாயின. செயலி ஆயத்தமாகிவிட்டது, பெயர்தான் இல்லை. அதற்கொரு பெயர் தருக என்று நம்மைக் கேட்டிருக்கின்றனர்.

இதுகாறும் வந்த பெயர்கள் இரு வகையின. ஒரு சாரார் ஆறேழு சொற்களைப் புணர்த்து நீண்ட தொடர் ஒன்றைத் தந்தனர். அதனை ஒரே மூச்சில் சொல்ல வல்லவர் புலவர் ஒருவரே. மற்றொரு சாரார், "அண்டை வீட்டாருக்கும் விளங்க வேண்டும், ஆகவே ஆங்கிலப் பெயரே நன்று" என்றனர். இரண்டாம் கூற்றை நாம் எளிதில் தள்ளிவிட முடியாது. 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இத்தீவுகளின் மக்கள்தொகை 3,80,581. அதில் நூற்றுக்குப் பதினைவரே தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர். வங்காளி, இந்தி, தெலுங்கு, மலையாளம், நிக்கோபாரி பேசுவோர் நடுவே நாம் வாழ்கின்றோம். அவர்தம் நாவுக்கும் நம் பெயர் படிய வேண்டுமன்றோ?

உலகம் என்ன செய்திருக்கின்றது என்று பார்ப்போம். உலகெங்கும் பயன்படும் நிரல்மொழி ஒன்றுக்கு அதனை ஆக்கிய ஜேம்ஸ் காஸ்லிங் என்பார், தம் அலுவலகத்துக்கு வெளியே நின்ற மரத்தின் பெயரால் 'ஓக்' என்று பெயரிட்டிருந்தார். அப்பெயர் வேறொரு நிறுவனத்துக்கு உரிமையாயிருந்தமையால், 1995 இல் 'ஜாவா' என்று மாற்றினர். ஜாவாத் தீவின் காப்பியை நினைந்து வைத்த பெயர் அது. அத்தீவு நமக்குத் தென்கிழக்கே உள்ளது; மணிமேகலை கூறும் சாவகம் அதுவே என்பர். பண்டைத் தமிழ்ப் புலவர் அறிந்த கீழைக்கடல் தீவின் பெயர், கணிப்பொறி உலகின் வீட்டுச் சொல்லாகிவிட்டது. சிறிய பெயர், இரண்டே அசை, எம்மொழியாரும் சொல்லலாம்.

நம்மவர் சூட்டிய பெயர்களும் தாழ்ந்தன அல்ல. மலேசியாவின் முத்து நெடுமாறன் தம் தமிழ் மென்பொருளுக்கு 'முரசு அஞ்சல்' என்று பெயரிட்டார். முரசு செய்தியை அறிவிப்பது. அஞ்சல் அதைக் கொண்டு சேர்ப்பது. கைப்பேசியில் தமிழ் எழுதுதற்கு 2005 இல் சிங்கப்பூரில் அவர் அறிமுகப்படுத்தியது 'செல்லினம்'. வல்லினம், மெல்லினம், இடையினம் என்று பள்ளியிற் படித்த நமக்கு நான்காவதாய் ஓரினம்! செல்பேசியின் 'செல்'லும் அதில் உண்டு. செல்லுதல் என்னும் பொருளும் உண்டு. தமிழா குழுவினர் தட்டச்சுக் கருவிக்கு 'இ-கலப்பை' என்று பெயர் வைத்தனர். உழவனுக்குக் கலப்பை எதுவோ, எழுதுவோனுக்கு அக்கருவி அது. இப்பெயர்களில் அலங்காரம் இல்லை, வேலை இருக்கின்றது.

அண்மைக் காலத்தில் பெரிதும் பேசப்பட்ட பெயர் 'அரட்டை'. ஸ்ரீதர் வேம்பு அவர்களின் நிறுவனத்துக்கே பெயர் வந்த வரலாறு சுவையானது. 1996 இல் 'அட்வென்ட்நெட்' என்று தொடங்கிய அந்நிறுவனம், சிறு அலுவலகம், வீட்டு அலுவலகம் என்பவற்றின் ஆங்கிலச் சுருக்கமான 'சோஹோ'வின் முதலெழுத்தை மாற்றி 'ஜோஹோ' என்று தன் படைப்புகளுக்குப் பெயரிட்டது. 2009 இல் அதனையே நிறுவனத்தின் பெயராகவும் ஆக்கிக்கொண்டது. அந்நிறுவனம் 2021 இல் வெளியிட்ட உரையாடற் செயலியே 'அரட்டை'. 2025 செப்டம்பரில் நாடெங்கும் அதன்மீது ஆர்வம் பெருகிற்று. நாளொன்றுக்கு 3,000 ஆயிருந்த புதிய பதிவுகள் மூன்றே நாளில் 3,50,000 ஆயின என்று வேம்பு அறிவித்தார். அப்பொழுது சிலர், இப்பெயர் வடநாட்டார் வாயில் நுழையாது, மாற்றுக என்றனர். பெயர் மாறவில்லை.

அவர்கள் கூறிய குறையில் ஓரளவு உண்மை உண்டு. உரோமன் எழுத்தில் 'ட்ட'வும் 'த்த'வும் பலவேளை ஒன்றாகவே எழுதப்படும். எனவே தமிழறியாதவர் 'அராத்தை' என்றும் படிக்கலாம். ழகரம் வந்தால் தொல்லை இன்னும் பெரிது. ஆங்கில எழுத்தில் 'அழகி'யைக் கண்டவர் 'அஸாகி' என்பார். ஆயினும், நாவில் உருமாறுவதாலேயே ஒரு பெயர் அழிந்துவிடாது. முதலாம் இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி, 1025 ஆம் ஆண்டளவில் நிகழ்ந்த கடற்படையெடுப்பைக் கூறுமிடத்து 'மாநக்கவாரம்' என்றொரு நாட்டைக் குறிக்கின்றது. அது நிக்கோபாரே என்று அறிஞர் கொள்வர். நக்கவாரம் எத்தனையோ நாட்டு மாலுமிகளின் நாவில் உருண்டு, தேய்ந்து, நிக்கோபார் ஆயிற்று. தேய்ந்ததேயன்றித் தொலையவில்லை.

இத்தீவுகள் தரும் வேறொரு பாடமும் உண்டு. 2018 டிசம்பரில் ஹேவ்லாக் 'சுவராஜ் தீவு' ஆயிற்று. நீல் 'ஷாகீத் தீவு' ஆயிற்று. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் 'ஸ்ரீ விஜயபுரம்' ஆயிற்று. பலகைகள் மாறினாலும் நம் வாயில் பழம்பெயர்கள் இன்னும் வருகின்றன. முதலில் ஊறிய பெயரைப் பின்னர் மாற்றுவது கடினம். ஆதலின் தொடக்கத்திலேயே ஆராய்ந்து சூட்டுவதே அறிவுடைமை.

ஆராய்வதற்கு நான்கு வினாக்கள் போதும். பெயர் குறுகியதா? அண்டை வீட்டார் மொழியில் அதற்குப் பொருந்தாப் பொருள் ஏதேனும் உண்டா? பிறர் முன்னரே உரிமை கொண்டதா? செயலியின் வேலையை அது நினைவூட்டுகின்றதா?

எமக்குத் தோன்றிய பெயர்களையே இவ்வினாக்களால் சோதித்தோம். 'கலம்' என்றால் நமக்குக் கப்பல். இந்தியிலும் வங்காளத்திலும் எழுதுகோல். 'தோணி' என்றால் அனைவரும் கிரிக்கெட் வீரரையே நினைப்பர். 'சேதி'யை ஆங்கில எழுத்தில் எழுதினால் பஞ்சாபியரின் குடும்பப் பெயராகிவிடும். 'மணி' எம்மொழியாருக்கும் தெரிந்த சொல். அதுவே அதன் குறை. தேடினால் ஆயிரம் மணிகள் ஒலிக்கும். ஆங்கிலம் பயின்றவர் காதில் அது பணமென்றும் விழும். மேலும், பலரும் வழங்கும் பொதுச்சொல்லைத் தமக்கே உரிய வணிகக் குறியாகப் பதிவு செய்துகொள்ளுதல் 1999 ஆம் ஆண்டுச் சட்டப்படி எளிதன்று. நம் செயலி விற்பனைக்கு அன்று. எனினும் நாளை வளரக்கூடும்.

இறுதியில் நின்ற பெயர் 'கரை'. இரண்டே எழுத்து. கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள் அலைப்புண்டு வருவோருக்கு அச்சொல் தரும் ஆறுதலை இங்குள்ளோர் அறிவர். மலையாளத்தார்க்குக் 'கர' என்றால் அதுவே பொருள். இந்தி பேசுவோர் காதில் 'கரேன்' என்பதன் அருகே ஒலிக்கும், 'செய்வோம்' என்பது அதன் கருத்து, அதுவும் நன்றே. பிள்ளைகள் 'கறை' என்று எழுதிவிடுவரே என்று ஆசிரியப் பெருமக்கள் அஞ்சலாம். அவ்வாறு எழுதினால் திருத்துங்கள். ரகர றகர வேறுபாட்டைக் கற்பிக்க நல்வாய்ப்பாகும்.

இப்பெயரையே ஏற்க வேண்டும் என்று யாம் வற்புறுத்தவில்லை. ஆக்கியவர்களே முடிவு செய்க. ஆனால் ஒன்று சொல்வோம். இத்தீவில் பிறந்த நம் பிள்ளைகள் பள்ளியில் ஒரு மொழியும் கடைத்தெருவில் ஒரு மொழியும் பேசுகின்றனர். தமிழ் அவர்களுக்கு விழா மேடையின் மொழியாகவும் பாட்டியின் மொழியாகவும் மட்டும் சுருங்கிவருகின்றது. கையில் நாள்தோறும் திறக்கும் கருவியில் ஒரு தமிழ்ச்சொல் இருப்பின், தமிழ் வேலைக்கும் உரிய மொழி என்பதை அவர்கள் சொல்லாமலே உணர்வர். நல்ல பெயர் குறையுள்ள செயலியைக் காப்பாற்றாது. கப்பல் நாளைத் தவறாகச் சொன்னால் எப்பெயரும் வசைப்பெயரே. ஆகவே இளைஞர்கள் செயலியைச் செம்மையாய் நடத்துக. பெரியோர் அதனைத் தமிழ்ப் பெயரிட்டு அழைக்க. அண்டை வீட்டாரும் தம் நாவுக்கேற்ப அதனை அழைப்பாராக.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!