காலி டாங்க், கவனம்!

பெட்ரோல் நிரம்பிய டாங்க் ஆபத்தா, காலி டாங்க் ஆபத்தா? எண்ணெய்க் கிடங்கில் வேலை பார்ப்பவரைக் கேட்டால், காலி டாங்க்கைத்தான் காட்டுவார்.

பெரிய டாங்க்குகளில் கூரை பெட்ரோலின் மேலேயே மிதக்கும். எண்ணெய் ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும். நடுவே ஆவி சேர இடமே இருக்காது. கழுவுவதற்காகக் காலி செய்யும்போது, ஏறக்குறைய 2 மீட்டர் உயரத்தில் கூரை தன் கால்களை ஊன்றி நின்றுவிடும். அதற்குக் கீழே பெட்ரோல் இறங்க இறங்க, காற்று புகும், ஆவி நிறையும். 30 மீட்டர் விட்டமுள்ள டாங்க்கில் அந்த இடைவெளி மட்டும் சுமார் 14 லட்சம் லிட்டர்!

முன்பெல்லாம் மூடியைத் திறந்து, விசிறி வைத்து ஆவியை வெளியே தள்ளிவிடுவார்கள். அது வெயிலில் வாகனப் புகையோடு சேர்ந்து ஓசோன் புகைமூட்டமாக மாறும். இதைத் தடுக்க, புகைமூட்டத்துக்குப் பேர்போன லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் விதி 1149 இருக்கிறது. ஆவியைக் குழாய் வழியே இழுத்து எரிக்க வேண்டும், அல்லது கரித்துகள்களில் உறிஞ்சவைக்க வேண்டும். அடியில் தங்கிய சகதியைக் கிளறினால் மறுபடியும் ஆவி கிளம்பும். அதனால் ஆவியை அளந்து அளந்துதான் வேலை நடக்கும்.

புகைமூட்டம் மட்டுமல்ல, தீ ஆபத்தும் உண்டு: காற்றில் பெட்ரோல் ஆவி 1.4 முதல் 7.6 சதவீதம் வரை இருந்தால் தீப்பிடிக்க ஒரு பொறி போதும். வீட்டில் இருக்கும் பழைய பெட்ரோல் டின்னுக்கும் இதே கணக்குதான். காலிதானே என்று அதை வெல்டிங் பட்டறைக்குக் கொடுத்துவிடாதீர்கள்!