தங்கவயலைப் படமெடுத்து வைப்போம்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



கோலார் தங்கவயலின் பெயரைக் கேளாத குடும்பம் நம் காலனியில் இராது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சென்ற தமிழ் உழைப்பாளிகளின் வியர்வையால் வளர்ந்த ஊர் அது. 1880களில் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே சுரங்கத் தொழிலை நிலைநிறுத்தினர். 1894இல் மாரிக்குப்பம் வரை இருப்புப்பாதை சென்றது. 1902இல் சிவசமுத்திரத்து மின்சாரம் எட்டியது. பூமிக்கடியில் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் நம்மவர் பாறை உடைத்தனர். 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது.

தங்கம் பிரித்தெடுத்த பின் எஞ்சிய பாறைத்தூள், குடியிருப்புகளின் நடுவே குன்றுகளாய் நிற்கிறது. இத்தகைய 13 மேடுகளை மீண்டும் அகழ்வதற்குக் கர்நாடக அமைச்சரவை 2024இல் இசைவு அளித்தது. குன்று பெயர்ந்தால் ஊரின் தோற்றமே மாறிவிடும். மாறுதலைத் தடுக்க நாம் யார்? பிழைப்புக்கு வழி பிறக்குமாயின் வரவேற்போம். ஆயினும் மாறுமுன் படமெடுத்து வைப்பது நம் கடமையாகும்.

கிளாஸ்கோ நகரின் பழைய சந்துகளை இடிக்கத் திட்டமிட்டபோது, 1868 முதல் 1871 வரை தாமஸ் அன்னான் என்பவர் அவற்றைப் படமெடுத்தார். சந்துகள் பல மறைந்தன; படங்கள் நிலைத்தன.

தங்கவயலுக்குக் கேமராவுடன் செல்வோர் பலர் துருப்பிடித்த இரும்புக் கோபுரத்தையும் இடிந்த சுவரையும் மட்டும் எடுத்து, 'பேய் நகரம்' என்று பெயரிட்டு விடுகின்றனர். அது முறையன்று. அங்கே மக்கள் வாழ்கின்றனர். விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்வோர் ஆயிரக்கணக்கானோர். ராபர்ட்சன்பேட்டைக் கடைவீதி, லைன் வீடுகளின் திண்ணை, தண்ணீர்க் குழாயடி, மாதா கோயில், மாரியம்மன் கோயில், ரயிலடிக் கூட்டம் யாவும் படத்தில் இடம்பெற வேண்டும். வீட்டாரிடம் அனுமதி கேட்டே எடுத்தல் வேண்டும். ஒரே இடத்தில் நின்று ஆண்டுதோறும் எடுத்தால், மாறுதல் தானே விளங்கும்.

ரயில்வே குமாஸ்தாக்களாகிய நாம் ஒன்று அறிவோம். முகவரி எழுதாத பார்சல் எத்துணை விலையுயர்ந்ததாயினும் உரியவரிடம் போய்ச் சேராது. படமும் அத்தகையதே. இடம், நாள், படத்திலுள்ளோர் பெயர், அவர்கள் செய்த வேலை ஆகியவற்றைப் பின்புறம் எழுதுங்கள். சுரங்கத்தில் இறங்கிய பெரியவர்கள் நம்மோடு இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். அவர்களுக்குப் பின் சொல்வார் யார்?

விடுமுறைக்கு ஊர் செல்லும் இளைஞர்களே! வீட்டுக்கு ஒரு படமேனும் கொண்டு வாருங்கள். அடுத்த ஆண்டு விழாவில் இம்மண்டபச் சுவரில் அவற்றை வரிசையாக மாட்டுவோம். பாட்டன் எங்கே உழைத்தான் என்று பேரப்பிள்ளை கேட்டால், விரல் நீட்டிக் காட்ட நமக்கு ஓர் இடம் இருக்கும்.