குடலின் காவலும் கட்டுப்பாடும்

ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நாம், புதிய நாட்டின் உணவு சில நாட்களில் பழகிவிடுவதைக் கண்டிருக்கிறோம். உடலுக்கு உணவு அந்நியப் பொருளே. குடலிலோ கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. அந்நியப் பொருளைக் கண்டால் போர் தொடுக்கும் வெள்ளணுக்கள் இங்கு மட்டும் ஏன் பெரும்பாலும் வாளாவிருக்கின்றன?

அவற்றை அடக்கிவைக்கும் வெள்ளணுக்களும் உண்டு. அத்தகைய டி அணு வகையொன்றை 1995-இல் ஜப்பானிய அறிஞர் ஷிமோன் சகாகுச்சி இனங்கண்டார். அதற்கு இன்றியமையாத ஃபாக்ஸ்பி3 என்னும் மரபணுவை 2001-இல் மேரி பிரன்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெலும் கண்டறிந்தனர். மூவரும் 2025-இல் நோபெல் பரிசு பெற்றனர்.

அழற்சி தன்னளவில் தீதன்று. கிருமி புகுந்த இடத்தில் அது வேண்டுவதே. வேலை முடிந்த பின்னும் தணியாதபோதுதான் குடல் புண்ணாகிறது. இவ்வணுக்கள் ஐஎல்-10 என்னும் புரதத்தைச் சுரந்து, ஏனைய அணுக்களின் சீற்றத்தைத் தணிக்கின்றன. ஃபாக்ஸ்பி3 பழுதுற்றுப் பிறக்கும் ஆண் குழந்தைகள் பச்சிளம் பருவத்திலேயே கடும் வயிற்றுப்போக்கால் வாடுகின்றனர். ஐஎல்-10-ஐ ஏற்கும் உறுப்பு அணுக்களில் பழுதுற்றிருந்தாலும் குடல் கொடிய அழற்சிக்கு உள்ளாவதை 2009-இல் மருத்துவர்கள் வெளியிட்டனர். அவர்களுள் ஒரு குழந்தைக்குப் பிறர் அளித்த இரத்த மூல அணுக்களைச் செலுத்தியதும் நோய் அடங்கிற்று. ஓரணுவின் குறை உயிரையே உலுக்குவது வியப்பன்றோ!

நாம் உண்ணும் கீரை, பயறு ஆகியவற்றின் நார்ப்பொருளை நுண்ணுயிர்கள் நொதிக்கச் செய்கையில் பியூட்டிரேட் என்னும் பொருள் உண்டாகிறது. அது எலிகளின் பெருங்குடலில் இவ்வடக்கும் அணுக்களைப் பெருக்குவதை 2013-இல் ஆய்வாளர்கள் காட்டினர். எலிக்குப் பொருந்துவதனைத்தும் மனிதருக்கும் பொருந்தும் என நாம் விரைந்து முடிவுகட்டலாகாது. குடற்புண்ணுக்கு மருந்துண்போர் கீரையை நம்பி மருந்தை நிறுத்தலும் கூடாது.