மறுநாள் என்னும் சொல்



வெள்ளிவிழா மேடையில் கல்வியின் பெருமையைப் பேசுவது மரபு. நாங்களோ கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில் ஒரு செய்தியை நம் மக்கள் எவ்வாறு படித்தனர் என்பதைப் பேச விழைகின்றோம். இந்த அசோக் நகர்த் தூணிலிருந்து நூறடிச் சாலையில் வடக்கே நடந்தால் அரைமணிக்குள் வடபழனி வந்துவிடும். அச்செய்தி அங்கே பிறந்தது.

2021 ஏப்ரல் 15ஆம் நாள் நடிகர் விவேக், மக்களின் அச்சம் நீங்கட்டும் என்று, ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் பலரும் காணத் தடுப்பூசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்புற்று வடபழனியில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 17ஆம் நாள் விடியற்காலையில் மறைந்தார். வயது 59. இதயத்தின் முக்கிய இரத்தக்குழாய் அடைபட்டிருந்தது என்று மருத்துவர்கள் அன்றே விளக்கினர். ஆனால் நம் தெருக்களை எட்டியது 'ஊசி போட்ட மறுநாள்' என்பது மட்டுமே. அதில் ஒரு சொல்லும் பொய்யன்று. 'பிறகு' என்று எழுதியதை 'அதனால்' என்று படிக்க வைத்ததே அதன் தீங்கு.

முகாமுக்கு அழைத்தபோது முதியவர் ஒருவர் எங்களிடம், "பணமும் பேரும் உள்ளவருக்கே இப்படியென்றால் நமக்கு யார் இருக்கிறார்கள்?" என்றார். இதனை அறியாமை என்று சிலர் எழுதினர். நாங்கள் உடன்படவில்லை. குடும்பத்தில் மருத்துவர் ஒருவரும் இல்லாதவர், கையில் கிடைத்த செய்தியைக் கொண்டு முறையாகவே சிந்தித்தார். கிடைத்த செய்திதான் பாதியாக இருந்தது.

விடுபட்ட பாதி யாது? இந்நாட்டின் மரணங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்று இதய, இரத்தக்குழாய் நோய்களால் நேர்வது. அந்த ஏப்ரல் முதல் நாளிலிருந்து 45 வயது கடந்தோர் அனைவருக்கும் ஊசி; மாரடைப்பு மிகுதியாக வரும் வயதும் அதுவே. இலட்சக்கணக்கானோர் ஊசி போட்டுக்கொள்ளும்போது சிலருக்கு மறுநாள் மாரடைப்பு வருவது, ஊசியே இல்லாவிடினும் நேர்ந்திருக்கும். போடாதவர்களைவிடப் போட்டவர்களுக்கு மிகுதியாக நேர்ந்ததா என்பதே அறிவியல் கேட்கும் கேள்வி. ஊசியில் தீங்கே இராது என்று நாங்கள் கூறவில்லை. தீங்குகளைத் தேடி ஆராய்ந்ததால்தான் கோவிஷீல்டு வகை ஊசியால் மிக அரிதாக இரத்தம் உறைதல் உண்டாகலாம் என்பதும் அதே 2021இல் வெளிப்பட்டது. விவேக் போட்டுக்கொண்டதோ கோவாக்சின்.

தடுப்பூசிக்குப் பின் நேரும் விளைவுகளை ஆராயும் தேசியக் குழு, அவர் மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை, இரண்டும் தற்செயலாக அடுத்தடுத்து நேர்ந்தவை என்று கண்டது. அம்முடிவு வெளியானது அக்டோபரில். இடையில் மே மாதம் கடந்திருந்தது. தமிழகத்தில் ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் தொற்றுக் கண்ட மாதம் அது. ஆராய்ச்சிக்கு ஆறு மாதம் வேண்டும். தலைப்புக்கு ஆறு நிமிடம் போதும். 'இன்னும் ஆராய்கிறார்கள்' என்று தலைப்பிட எந்த ஆசிரியருக்கு மனம் வரும்?

1907இல் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' இதழை நடத்திய அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவரும் ஆவார். செய்தியும் மருத்துவமும் ஒரே கையில் இருந்த காலமும் நமக்கு உண்டு.

இளைஞர்களே, வீட்டுப் பெரியவர்களுக்குச் செய்தித்தாளை உரக்கப் படித்துக் காட்டுபவர்கள் நீங்கள். தலைப்போடு நிறுத்துவதா, கடைசிப் பத்திவரை படிப்பதா என்பது உங்கள் கையில் இருக்கிறது.

அக்டோபரில் அம்முடிவை அம்முதியவருக்குப் படித்துக் காட்டினோம். ஜூலையிலேயே ஊசி போட்டுக்கொண்டுவிட்டார். அதற்குள் தம் தம்பியை இழந்திருந்தார். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இது எந்தப் பக்கத்தில் வந்தது?" என்று வினவினார். உட்பக்கத்தில், கீழே என்றோம்.