வல்லரசு எழுந்தால் நாம் எழுவோமா?



புதிய வல்லரசுகளின் எழுச்சி பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். மூவார்க்காரர்களாகிய நமக்கு இது புதுப்பாடமா? 1942 ஜனவரியில் இதோ இந்த மூவார் ஆற்றைக் கடந்து வந்ததே ஜப்பான் படை, அதுதான் அன்றைய புதிய வல்லரசு! "ஆசியா ஆசியருக்கே" என்றான் ஜப்பான்காரன். நம்மவர்களும் நம்பினார்கள். கிடைத்தது என்ன? சயாம் மரண ரயில்! சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் தண்டவாளம். அதைப் போட, பால்மரம் வெட்டிய தமிழனைத் தோட்டம் தோட்டமாக அள்ளிக்கொண்டு போனான். போனவர் பல்லாயிரம். காலரா தின்றது, பட்டினி தின்றது. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் வெள்ளைச் சிப்பாய்க்குப் பெயர் பொறித்த கல்லறை உண்டு. நம் தாத்தாவுக்கு எங்கே? சொல்லுங்கள், எங்கே?

மேலே எவன் எழுந்தாலும் கீழே கிடப்பவன் தானாக எழமாட்டான்!

இன்று எழுவது பிரிக்ஸ் நாடுகளின் கூட்டமைப்பு. 2025 ஜனவரி முதல் நம் மலேசியாவும் பங்காளி நாடு. மகிழ்ச்சி, கைதட்டுங்கள்! ஆனால் அதே ஆண்டு ஆகஸ்ட்டில் அமெரிக்கா நம் பொருளுக்கு 19 விழுக்காடு வரி போட்டபோது கலங்கியது யார்? மரத் தளவாடம் செய்து கப்பலேற்றும் நம் மூவார்! அந்தத் தொழிற்சாலைகளில் முதலாளி நாற்காலியில் நம் பிள்ளைகள் எத்தனை பேர்?

இப்படிக் கேட்டால் சிலருக்குக் கோபம் வருகிறது. தேர்தலுக்குத் தேர்தல் அரிசி மூட்டையோடு வருகிறார்களே, அவர்களுக்கு! மூட்டை தீர்ந்ததும் ஆளையும் காணோம். பதாகையில் மட்டும் சிரிக்கிறார்கள்.

இவர்களைப் போல் அல்லாத ஒரு மனிதர் இருந்தார். பெயர் சொல்ல வேண்டுமா? சுங்கை சிப்புட் மண்ணின் மைந்தர் துன் சம்பந்தன்! ரப்பர் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றதில் நம் குடும்பங்கள் தெருவுக்கு வந்த காலம். அவர் அரிசி மூட்டை கொடுக்கவில்லை. மாதம் பத்து வெள்ளி கேட்டார்! 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் கண்டார். அந்தப் பத்துப் பத்து வெள்ளியில் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தையே வாங்கினார். பால்வெட்டுக்காரன் பங்குதாரன் ஆனான்!

அந்த மனிதரை மாலையோடு நிறுத்திவிடாதீர்கள். பிள்ளைகளைத் தொழிற்கல்விக்கு அனுப்புங்கள். எந்திரம் ஓட்டட்டும், வடிவமைக்கட்டும், விற்கவும் கற்கட்டும். பத்துக் குடும்பம் கூடி ஒரு பட்டறை தொடங்குங்கள். உலகத்தில் எந்த நாடு எழுந்தாலும், எந்த நாடு வரி போட்டாலும், நம்மைத் தூக்கிவிட நம் கைதான் வரவேண்டும். கூடுங்கள், இன்றே தொடங்குங்கள்!