கடனிலிருந்து மீளும் கணக்கு

(ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கற்பித்தல் முறைகளைப் பற்றிப் பேசும் மேடையில் வீட்டுக் கடனைப் பற்றிப் பேச வேண்டுமா என்று சிலர் நினைக்கலாம். மாதத்தின் முதல் வாரத்திலேயே சம்பளம் தீர்ந்துவிட்டால், மீதி மூன்று வாரமும் அந்தக் கவலை நம்மோடு வகுப்பறைக்குள் வருகிறது. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது சட்டைப் பையில் அதிரும் கைப்பேசி யாருடையது என்று தெரிந்த ஆசிரியரால் மாணவர் கேட்கும் கேள்வியை முழு மனத்தோடு கேட்க முடியாது. ஆகவே இதுவும் பள்ளியின் செய்திதான்.

மருத்துவச் செலவாலோ இறப்பாலோ வரும் கடன் வேறு. நான் இன்று பேசுவது, வரவுக்கு மேல் செலவு செய்ததால் சேர்ந்த கடனைப் பற்றி. அரசுச் சம்பளம் என்றாலே கடன் கொடுக்கப் பலர் தயாராக இருக்கிறார்கள். வங்கி முகவர் ஆசிரியர் ஓய்வறைக்கே வந்து படிவம் நீட்டுகிறார். கடன் அட்டை கேட்காமலே வருகிறது. கைப்பேசி, குளிர்சாதனப் பெட்டி, வண்டி எல்லாம் மாதத் தவணையில் கிடைக்கின்றன. ஒவ்வொரு தவணையும் தனியே பார்த்தால் சிறியது. எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்கும் பழக்கம்தான் நம்மிடம் இல்லை.

எனவே முதல் வேலை, கூட்டிப் பார்ப்பது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வாழ்க்கைத் துணையோடு உட்காருங்கள். ஒரு நோட்டில் ஐந்து பத்திகள் போடுங்கள்: யாரிடம் கடன், எவ்வளவு நிலுவை, என்ன வட்டி, மாதம் எவ்வளவு கட்டுகிறோம், எப்போது முடியும். துணைக்குத் தெரியாத கடன் இருந்தால் அன்றே சொல்லிவிடுங்கள். ஒருவர் மறைத்து அடைக்க, மற்றவர் தெரியாமல் செலவு செய்ய, அந்தக் கடன் ஒருநாளும் தீராது.

அடுத்து, எல்லா வட்டியையும் ஆண்டு வட்டியாக மாற்றுங்கள். எட்டாம் வகுப்பில் கூட்டுவட்டி நடத்துகிறோம். அதை வீட்டிலும் போட்டுப் பார்ப்போம். ‘மூன்று வட்டி’ என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் 3 ரூபாய். ஆண்டுக்கு 36 சதவீதம். கடன் அட்டையில் மாதம் 3.5 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 42 சதவீதம். இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு லட்சம் ரூபாய், 12 சதவீத ‘பிளாட்’ வட்டி, இரண்டு ஆண்டு என்றால் வட்டி 24,000. மாதத் தவணை சுமார் 5,167 ரூபாய். அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி முழு லட்சத்துக்கும் போடப்படுகிறது. குறையும் நிலுவைக்குக் கணக்கிட்டால் அது ஏறத்தாழ 21.5 சதவீதம். 12 என்று நம்பிக் கையெழுத்திட்டது உண்மையில் 21.5.

இப்போது ஒரு கணக்கு. இது எடுத்துக்காட்டுக்காக நான் அமைத்தது. ஓர் ஆசிரியர் வீட்டில் கைக்கு வரும் சம்பளம் 58,000 ரூபாய். கடன் அட்டை நிலுவை 80,000. மூன்று வட்டிக்கு வாங்கிய கைக்கடன் 1,00,000. மாத வட்டி 3,000. தனிநபர் கடன் 14 சதவீத வட்டியில் நிலுவை 2,50,000, தவணை 9,000. வீட்டுப் பொருள்களுக்கான தவணை 3,500. இன்னும் ஆறு மாதம் உண்டு. வங்கியில் நகைக்கடன் 1,50,000. ஆண்டுக்கு 10 சதவீதம் என்றால் மாத வட்டி 1,250.

கடன் அட்டைக்குக் குறைந்தபட்சத் தொகை 5 சதவீதம், அதாவது 4,000 மட்டும் கட்டுகிறார்கள். அதில் வட்டி 2,800, வட்டி மீதான 18 சதவீத ஜி.எஸ்.டி. 504. மீதி 696 ரூபாய்தான் அசலில் கழிகிறது! அந்த மாதமே அட்டையில் ஆயிரம் ரூபாய்க்குப் பொருள் வாங்கினால், கடன் குறையவில்லை, கூடியிருக்கிறது. நிலுவை இருக்கும்போது புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லாக் காலமும் கிடையாது.

இந்தக் குடும்பம் மாதம் 20,750 ரூபாய் கட்டியும் கரை ஏறவில்லை. என்ன செய்யலாம்? அட்டையை வெட்டிப் போட்டுவிட்டு, வீட்டுச் செலவில் 8,000 குறைக்கிறார்கள். மாதம் 28,750 கடனுக்கென்று ஒதுக்குகிறார்கள். மற்றக் கடன்களுக்கு வழக்கமான தொகையைக் கட்டிவிட்டு, மீதி 12,000 முழுவதையும் வட்டி அதிகமான கடன் அட்டைக்குச் செலுத்துகிறார்கள். ஆறு மாதத்தில் பொருள் தவணை முடிகிறது. அந்த 3,500-ம் இதோடு சேர்கிறது. எட்டாவது மாதம் அட்டைக் கடன் தீர்கிறது. பிறகு அதே தொகை கைக்கடனுக்குப் போகிறது. பதினான்காவது மாதம் அதுவும் முடிகிறது. தொடர்ந்து நகையை மீட்டு, தனிநபர் கடனையும் அடைத்தால் ஏறத்தாழ 26 மாதங்களில் வீடு கடனற்றதாகிறது. ஒரு கடன் முடிந்ததும் அந்தத் தவணைப் பணத்தை வீட்டுச் செலவுக்குத் திருப்பாமல் அடுத்த கடனுக்குத் திருப்பியதுதான் இதன் ரகசியம். கைக்கடன் கொடுத்தவர் அசலைப் பகுதியாக வாங்க மறுத்தால், தொகையைத் தனிக் கணக்கில் சேர்த்து ஒரே தடவையில் கொடுத்துப் பத்திரத்தைத் திரும்பப் பெறுங்கள். அதற்குச் சில மாதம் கூடலாம்.

பண்டிகை முன்பணம், அகவிலைப்படி நிலுவை, ஈட்டிய விடுப்பு ஒப்படைப்புத் தொகை என்று எப்போதாவது மொத்தமாகப் பணம் வரும். அது வரும் முன்பே எந்தக் கடனுக்கு என்று நோட்டில் எழுதிவிடுங்கள். கூட்டுறவுச் சிக்கன நாணயச் சங்கத்தில் குறைந்த வட்டிக்குக் கடன் பெற்று அதிக வட்டிக் கடனை அடைப்பதும் நல்ல வழிதான். ஆனால் அடைத்த அன்றே பழைய கணக்கை மூட வேண்டும். மூடாவிட்டால் ஆறு மாதத்தில் இரண்டு கடனும் இருக்கும்.

அந்த 8,000 எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். ஒரு மாதம் எல்லாச் செலவையும் எழுதினாலே பாதி விடை கிடைத்துவிடும். வாரக் கடைசி உணவகம், பார்க்காத சந்தா, தள்ளுபடி என்பதால் வாங்கிய துணி எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். கடினமானது கௌரவச் செலவு. காதுகுத்து, பூப்புனித நீராட்டு விழா, புதுமனை புகுவிழா என்று மண்டபமும் பந்தியும் வளர்கின்றன. மொய் வரும், அதில் அடைத்துவிடலாம் என்று கடன் வாங்குகிறோம். மொய் நோட்டில் எழுதப்படும் ஒவ்வொரு வரியும் பின்னாளில் நாம் திருப்பிச் செய்ய வேண்டியது. பல ஊர்களில் கூட்டியும் செய்ய வேண்டும். அதுவும் கடன்தான். “இந்த ஆண்டு வீட்டோடு செய்துகொள்கிறோம்” என்று சொல்வதில் எந்தக் குறையும் இல்லை. வாத்தியார் வீடே எளிமையாகச் செய்தால், ஊரில் இன்னும் பத்து வீடு துணிந்து அப்படிச் செய்யும்.

செய்யக் கூடாதவற்றையும் சொல்ல வேண்டும். வெற்றுக் காசோலையில் கையெழுத்திட்டுக் கொடுக்காதீர்கள். அது திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவில் வழக்கு வரும். சம்பளக் கணக்கின் ஏ.டி.எம். அட்டையையும் ரகசிய எண்ணையும் எவரிடமும் அடகு வைக்காதீர்கள். கைப்பேசிக் கடன் செயலிக்கு உங்கள் தொடர்பு எண்களைத் திறந்துவிடாதீர்கள். மீட்டர் வட்டி, கந்துவட்டி கேட்டு மிரட்டினால் 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. காவல் துறையை அணுகுங்கள். தவணை தவறும் நிலை வந்தால் வங்கியிலிருந்து ஒளிய வேண்டாம். மேலாளரை நேரில் பார்த்து, தவணைக் காலத்தை மாற்றியமைக்க எழுத்தில் கேளுங்கள்.

ஜாமீன் கையெழுத்தைப் பற்றியும் ஒரு சொல். உடன் பணிபுரிபவர் கேட்டால் மறுக்க மனம் வராது. அவர் கட்டாவிட்டால் பிடித்தம் உங்கள் சம்பளத்தில்தான். நான் கட்ட நேர்ந்தால் என் வீடு தாங்குமா என்று கேட்டுப் பார்த்தே கையெழுத்திடுங்கள். கடனில் மூழ்கும் நண்பருக்குச் சில நேரம் இன்னொரு ஜாமீனைவிட, அவரோடு உட்கார்ந்து அந்த ஐந்து பத்தி நோட்டைப் போட்டுக் கொடுப்பதே பெரிய உதவி.

பிள்ளைகளிடம் அளவாகச் சொல்லுங்கள். “இரண்டு ஆண்டு செலவைக் குறைக்கிறோம், பிறகு சரியாகிவிடும்” என்றால் அவர்கள் புரிந்துகொள்வார்கள். கடனுக்காக அவர்கள் முன் சண்டை போடுவதுதான் அவர்களைப் பயமுறுத்தும். கடன் அடைக்கும் காலத்திலும் மாதம் 1,000 ரூபாயாவது அவசரத்துக்கென்று தனியே வையுங்கள். திடீரென்று வண்டி பழுதானால் மறுபடி கடன் அட்டையைத் தேட வேண்டாம். கடைசிக் கடன் தீர்ந்த பிறகு, கட்டிப் பழகிய அந்தத் தொகையில் பாதியையாவது தொடர் வைப்பில் போடுங்கள். கொடுத்துப் பழகிய கைக்கு அது பாரமாக இருக்காது.

கடன் வந்ததற்காக யாரும் வெட்கப்பட்டு ஒதுங்க வேண்டாம். தப்பாகப் போட்ட கணக்கை மாணவன் அழித்துவிட்டு மறுபடி போட்டால் நாம் பாராட்டுகிறோம் அல்லவா? அதே பொறுமையை நம் வீட்டுக் கணக்கிலும் காட்டுவோம். இந்த ஞாயிற்றுக்கிழமையே அந்த நோட்டைத் திறந்துவிடுங்கள்.