படுக்கையருகே ஒரு தாள்

தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும் ஒரு நோயாளிக்கு எத்தனை பேர் ஊழியம் செய்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? அறுவை செய்த டாக்டர், பிரிவைக் கவனிக்கும் டாக்டர், பயிற்சி டாக்டர்கள், வேளைக்கு வேளை மாறும் நர்ஸுகள், சுவாசக் கருவியைப் பார்த்துக்கொள்பவர், மருந்தாளர். எல்லாரும் கைதேர்ந்தவர்கள்தாம். ஆயினும், இன்று இவருக்குச் செய்ய வேண்டியது என்ன என்று தனித்தனியே கேட்டால், ஒரே விடை வருமா?

அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், பீட்டர் ப்ரொனொவோஸ்ட் என்னும் டாக்டரும் அவருடைய கூட்டாளிகளும் இதையே கேட்டார்கள். நோயாளிகளைச் சுற்றிப் பார்த்துப் பேசி முடித்த பின், பயிற்சி டாக்டர்களையும் நர்ஸுகளையும் விசாரித்தார்கள். அன்றைய நோக்கம் இன்னதென்று அறிந்திருந்தவர் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை!

பரிகாரம் எளியது, ஒரு தாள். நோயாளி இப்பிரிவை விட்டுச் செல்ல என்ன செய்ய வேண்டும், அவருக்கு நேரக்கூடிய பெரிய ஆபத்து எது, வலிக்கு என்ன வழி என்பன போன்ற வினாக்களுக்கு அங்கேயே விடை எழுதி வைத்தார்கள். 2003இல் வெளியான அவர்களது ஆய்வின்படி, நோக்கத்தை அறிந்தவர்கள் நூற்றுக்கு 95க்கு மேல் ஆயினர். நோயாளிகள் அப்பிரிவில் தங்கிய காலம் சராசரி 2.2 நாளிலிருந்து 1.1 நாளாகக் குறைந்தது.

எழுதி வைப்பது சுலபம். வாய் திறப்பதல்லவா கடினம்? இதயத்தருகே செல்லும் பெரிய இரத்தக் குழாயில் மருந்து செலுத்த மெல்லிய குழல் ஒன்றைச் செருகுவார்கள். அதற்குமுன் கை கழுவ வேண்டும். தோலைக் கிருமிநாசினியால் துடைக்க வேண்டும். நோயாளியின் உடல் முழுவதையும் தூய துணியால் போர்த்த வேண்டும். முதலாண்டு மாணவரும் அறிந்தவைதாம். அவசரத்தில் ஒன்று விட்டுப்போனால், அருகில் நிற்கும் நர்ஸ் அதைக் காண்பார். ஆனால் டாக்டரைத் தடுப்பதாவது! பெரியவர் தவறினால் நம் வீடுகளில் யார் வாய் திறக்கிறோம்? அம்மருத்துவமனையோ, படி ஒன்று விடுபட்டால் டாக்டரை நிறுத்தும் அதிகாரத்தை நர்ஸுக்கே அளித்தது. படிகளின் பட்டியல்தான் பின்னர் உலகப் புகழ் பெற்றது. நான் இந்த அதிகாரத்தையே பெரிதாக மதிக்கிறேன். பட்டியலை எவரும் ஒரே நாளில் அச்சடித்துவிடலாமே!

2004 முதல் மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கு மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகள் இம்முறையைக் கைக்கொண்டன. குழல் பொருத்திய 1,000 நாட்களுக்குச் சராசரி 7.7 ஆக இருந்த இரத்தத் தொற்று, ஒன்றரை ஆண்டில் 1.4 ஆயிற்று. இதற்கு விலையுயர்ந்த கருவியும் வேண்டியிருக்கவில்லை. கூடுதல் ஆட்களும் வேண்டியிருக்கவில்லை.